மூஞ்சூறுக்கு மாலை போடுகிறோம், எலிக்கு மருந்து கொடுத்தால் மட்டும் சிரிக்கிறோமே, ஏன்?



போன சங்கடஹர சதுர்த்தி அன்னதானம் நடக்கும்போது நாலைந்து பேர் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "தொண்டருங்க எல்லாம் சேர்ந்து ஒரு எலிக்கு வைத்தியம் பார்க்கிறீங்களாமே, உண்மையா?" கேட்ட சிலர் சிரித்தார்கள். சிலருக்குக் கோபம். மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "எலிக்கு டாக்டர், ஏழை மனுஷனுக்கு என்ன?" என்று போட்டுவிட்டார். அதற்குக் கீழே இருபது பேர் கைகூப்பி வைத்திருந்தார்கள். எங்களுக்கா, கேட்டவருக்கா என்று தெரியவில்லை.

எல்லாருக்கும் தனித்தனியா பதில் சொல்ல எங்களுக்கு நேரம் இல்லை. பாதிப் பேர் ஷிப்ட் வேலை. அதனால் இங்கேயே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

எங்கள் கருத்தை முதல்லயே சொல்லிடுறோம். வீட்டில் ஆசைப்பட்டு வாங்கிய உயிர், அது எலியாக இருந்தாலும், நோய் வந்ததும் கோயிலில் விட்டுப் போவது பக்தி ஆகாது. அதே மாதிரி, தீராத நோய் உள்ள ஒரு சின்ன உயிரைத் தினமும் பார்த்துக்கொள்வது வீண் வேலையும் ஆகாது. இந்த இரண்டைத்தான் கீழே விளக்கமா எழுதியிருக்கிறோம்.

நடந்தது இதுதான். ஐந்து மாதத்துக்கு முன்பு காலை பூஜைக்குக் கதவு திறந்தபோது, பிள்ளையார் சந்நிதி பக்கத்தில் ஒரு கூண்டு இருந்தது. உள்ளே ஒரு பெண் எலி. காட்டு எலி இல்லை, கடையில் விற்கிற வளர்ப்பு எலி. உடம்பு வெள்ளை, தலையும் தோளும் பழுப்பு, நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு. வயிறு மட்டும் பலூன் மாதிரி உப்பி இருந்தது. கூண்டு மேல ஒரு செம்பருத்திப் பூ, ஒரு பாக்கெட் சூரியகாந்தி விதை, ஒரு துண்டுக் காகிதம். "பிள்ளையார் பார்த்துக்குவார்" என்று எழுதியிருந்தது. யார் வைத்தது என்று நாங்கள் தேடவில்லை, தேடவும் போவதில்லை. தேவாரம் வகுப்புப் பிள்ளைகள் அதுக்குச் 'சுண்டல்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

மிருக டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்ன நோயின் பெயர் மெகாகோலன். பெருங்குடலின் ஒரு பகுதியில் நரம்பு உயிரணு இருக்காது. நரம்பு இல்லாத இடம் சுருங்கி விரியாது. சாப்பிட்டது அதுவரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிடும். பின்னால் வருவது வந்து வந்து சேரும், குடல் ரப்பர் மாதிரி இழுபட்டு வீங்கும். சில நாள் கட்டிப்போய் ஒன்றும் வெளியே வராது. சில நாள் கட்டியைச் சுற்றித் தண்ணீராய்க் கசியும். பார்க்கிறவர் வயிற்றுப்போக்கு என்று நினைப்பார், ஆனால் உள்ளே அடைப்பு. இது பிறவியிலேயே வருவது. மருந்து கொடுத்துக் குணமாக்க முடியாது. ஒழுங்கா வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நெற்றி வெள்ளைக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம் என்று நாங்களும் கேட்டோம். கரு வளரும்போது தோலுக்கு நிறம் கொடுக்கிற உயிரணுவும், குடலுக்குப் போகிற நரம்பு உயிரணுவும் ஒரே இடத்திலிருந்துதான் புறப்பட்டு நகர்ந்து போகுமாம். அந்தப் பயணம் பாதியில் நின்றால் தோலில் வெள்ளை விழும், சில சமயம் குடலிலும் நரம்பு போய்ச் சேராது. நெற்றியில் வெள்ளை உள்ள எல்லா எலிக்கும் இந்த நோய் வரும் என்று அர்த்தம் இல்லை. ஆனால் அழகுக்காக அந்த மாதிரி நிறத்தையே தேடித்தேடி இனப்பெருக்கம் செய்தால் இந்த நோயும் கூடவே வரும். நெற்றிப் பொட்டு அழகா இருக்கு என்று வாங்கிய பிள்ளைக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்?

மனுஷக் குழந்தைக்கும் இதே மாதிரி ஒரு நோய் உண்டு. ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் என்பார்கள், சுமார் 5,000 குழந்தைக்கு ஒன்று இப்படிப் பிறக்கும். குழந்தைக்கு ஆபரேஷன் செய்து காப்பாற்றுகிறார்கள். சுண்டல் அளவு உடம்புக்கு ஆபரேஷன் பெரிய ஆபத்து என்று டாக்டர் சொன்னார். அதனால் சாப்பாடு, மருந்து, தினசரி கவனிப்பு, இந்த மூன்றுதான் வழி.

இனி கேள்விகளுக்கு வருவோம்.

"கோயில் காசில் எலி வைத்தியமா?"

இல்லை. உண்டியல் காசு ஒரு காசுகூட இதில் இல்லை. ஐந்து பேர் மாதம் ஆளுக்கு 20 வெள்ளி போடுகிறோம். டீ கடையில் நாலு தடவை உட்காராமல் இருந்தால் மிச்சமாகிற காசு. சுண்டல் கோயிலிலும் இல்லை, எங்களில் ஒருவர் வீட்டில் இருக்கிறது. மடப்பள்ளி இருக்கிற இடத்தில் எலி வைத்துக்கொள்வது முறை இல்லை, அது வளர்ப்பு எலியாக இருந்தாலும் சரி.

"மடப்பள்ளி ஸ்டோரில் எலிப்பொறி வைக்கிறீங்க, வீட்டில் எலிக்கு மருந்து கொடுக்கிறீங்க. இது என்ன நியாயம்?"

நல்ல கேள்வி, கேட்டவருக்கு நன்றி. காட்டு எலியின் சிறுநீரில் வரும் நோயை இந்த நாட்டில் 'கெஞ்சிங் தீக்குஸ்' என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நம் ஆட்கள் எலிக்காய்ச்சல் என்போம். அன்னதானம் சாப்பிட வருகிற பெரியவருக்கும் கர்ப்பிணிக்கும் அது வந்தால் யார் பொறுப்பு? ஆகவே ஸ்டோரில் எலி வராமல் பார்ப்பது எங்கள் கடமை. ஓட்டையை அடைக்கிறோம், அரிசி பருப்பை மூடி போட்ட டின்னில் வைக்கிறோம், பிரசாதம் மிச்சத்தை இரவே எடுத்துவிடுகிறோம். இதையெல்லாம் ஒழுங்கா செய்தால் பொறிக்கு வேலை குறைவு. பசைத் தட்டு மட்டும் நாங்கள் வைக்க மாட்டோம். ஒட்டிக்கொண்டு விடிய விடியத் துடிக்கிற உயிரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுப்ரபாதம் போட எங்களால் முடியாது.

வளர்ப்பு எலி கதை வேறு. அது தானா வரவில்லை. மனிதன் கூண்டில் பிறக்க வைத்தான், மனிதன் விற்றான், மனிதன் வாங்கினான். வெளியே விட்டால் அதுக்குப் பிழைக்கத் தெரியாது. கையில் வாங்கிய அன்றே பொறுப்பும் வாங்கியாச்சு. மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. சரியான சாப்பாடு, சரியான இடம், வலி நோயிலிருந்து பாதுகாப்பு, இது உடையவரின் கடமை. கொடுமை செய்தால் 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளிவரை அபராதம் இருக்கு. சட்டத்துக்குப் பயந்து செய்யணும் என்று சொல்லவில்லை, சட்டமே இவ்வளவு சொல்லும்போது பக்தர்கள் நாம் அதைவிடக் குறைவா செய்யலாமா என்று கேட்கிறோம்.

"பிள்ளையார் வாகனம்தானே, கொழுக்கட்டையும் பாலும் வைத்தால் போதாதா?"

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், சில பேர் செய்தும்விட்டார்கள். பார்க்க வந்தவர்கள் அன்போடுதான் கொண்டு வந்தார்கள், நாங்கள் வாங்கவில்லை. காரணத்தைக் கேளுங்கள்.

எலிக்கு வாந்தி எடுக்க முடியாது. உடம்பிலேயே அந்த ஏற்பாடு இல்லை. உள்ளே போனது போனதுதான், ஒரே வழியாகத்தான் வெளியே வரணும். சுண்டலுக்கு அந்த ஒரே வழியும் பாதி அடைப்பு. கொழுக்கட்டை மாவு பிசுபிசு என்று ஒட்டும், தொண்டையிலேயே அடைக்கும். பால், தாய்ப்பால் மறந்த எலிக்குச் சரியா செரிக்காது, வயிற்றைக் கலக்கும். கொண்டைக்கடலை வாயு. காஸ் தண்ணீர் சொல்லவே வேண்டாம். பேருக்குத்தான் அது சுண்டல், சாப்பிடக் கூடாதது சுண்டல்!

கல் மூஞ்சூறுக்குப் படைத்தால் கல் சாப்பிடாது, நாம்தான் சாப்பிடுவோம். உயிருள்ளதுக்குப் படைத்தால் அது உண்மையாகவே சாப்பிட்டுவிடும். இந்த வித்தியாசத்தை நாம் மறந்துவிடக் கூடாது. கோயில் மாட்டுக்கு லட்டு கொடுப்பதும், குளத்து மீனுக்கு ரொட்டி அள்ளிப் போடுவதும் இதே கணக்குதான். கொடுக்கிற நமக்குப் புண்ணியம், சாப்பிடுகிற அதுக்கு வயிற்றுவலி என்றால் அந்தப் புண்ணியத்தை யார் கணக்கில் எழுதுவார்கள்?

கஜமுகாசுரன் கதை எல்லாருக்கும் தெரியும். பெருச்சாளியாக வந்தவனைப் பிள்ளையார் கொன்று போடவில்லை, கூடவே வைத்துக்கொண்டார். பிடிக்காத ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்வது லேசான வேலை இல்லை. அந்தக் கதையில் எங்களுக்குப் பிடித்தது அதுதான்.

"சரி, அப்படி என்னதான் செய்றீங்க?"

பெரிசா ஒன்றும் இல்லை. ஆனால் தினமும். எங்களில் பேக்டரி ஆட்கள் இருக்கிறோம், மெஷினுக்கு லாக் புக் போடுகிற பழக்கம் கையில் இருக்கு. மெஷின் நின்ற பிறகு ஓடுவது ஒரு வேலை, நிற்காமல் பார்ப்பது இன்னொரு வேலை. நாள்பட்ட நோய்க்கு இரண்டாவதுதான் வேண்டும். சுண்டலுக்கும் ஒரு பழைய நோட்டு வைத்திருக்கிறோம்.

காலையில் சமையல் தராசில் எடை. வந்த அன்று 262 கிராம், இன்று 298. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து இறங்கினால் டாக்டருக்குப் போன். புழுக்கை எத்தனை, கெட்டியா, தண்ணியா, எழுதணும். வயிற்றை இரண்டு விரலால் மெதுவா தொட்டு, மெத்தென்று இருக்கா, கல்லாட்டம் இருக்கா என்று பார்க்கணும். கழுத்துத் தோலை லேசா தூக்கிவிட்டால் உடனே திரும்பிப் படியணும். மெதுவா படிந்தால் உடம்பில் தண்ணீர் பற்றவில்லை.

சாப்பாடு, எலிக்கென்று விற்கிற உருண்டைத் தீனியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்தது. கூட வேகவைத்த பரங்கிக்காய் ஒரு ஸ்பூன். கொஞ்சம் கொஞ்சமா நாலு வேளை. மலம் இளக டாக்டர் எழுதிய மருந்து, அவர் சொன்ன அளவு மட்டும். மலச்சிக்கல் என்றதும் நம்ம ஆட்கள் நார்ச்சத்து, நார்ச்சத்து என்று அள்ளிக் கொடுப்பார்கள். தள்ளத் தெரியாத குடலில் நாரை அடைத்தால் கட்டிதான் பெரிசாகும் என்று டாக்டர் எச்சரித்தார். மனுஷர் சாப்பிடுகிற பேதி மருந்து, ஓமத் தண்ணி, விளக்கெண்ணெய் எதுவும் நீங்களா கொடுக்காதீங்க.

சில விஷயங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எலி தன் புழுக்கையிலேயே கொஞ்சம் தின்னும். அசிங்கம் இல்லை, குடலில் கிருமிகள் செய்துவைத்த சத்தை இரண்டாம் தடவை எடுத்துக்கொள்கிறது. கண்ணோரம், மூக்கோரம் சிவப்பா கசிந்தால் ரத்தம் இல்லை, எலிக்கு அப்படி ஒரு சிவப்பு நீர் உண்டு. ஆனால் அது அதிகமானால் உடம்போ மனசோ சரியில்லை என்று அர்த்தம். முதுகைக் கூனிக்கொண்டு, முடி சிலிர்த்து, மூலையில் உட்கார்ந்தால் அன்றைக்கே டாக்டர். எலி நோயை மறைக்கிற பிராணி. வெளியே தெரியும்போது உள்ளே முற்றியிருக்கும்.

நம்ம ஊர் வெயிலும் ஒரு எதிரி. மத்தியானம் 33 டிகிரி. எலிக்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்க்காது, வால் வழியாகவும் சூட்டைத் தணிக்கும். பாட்டிலில் ஐஸ் தண்ணீர் கட்டி, துணி சுற்றிக் கூண்டில் வைக்கிறோம், சுண்டல் அதில் சாய்ந்து தூங்கும். எலி தனியா வாழ விரும்பாது என்பதால், வெளியூருக்கு மாறிப்போகிற ஒரு குடும்பத்திடமிருந்து இன்னொரு பெண் எலியை வாங்கி வைத்தோம். அதுக்குப் பேர் பொரி. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இரண்டையும் பிரிக்கணும், இல்லாவிட்டால் பொரி இரண்டு பங்கையும் முடித்துவிடும்.

தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவணும். வளர்ப்பு எலியும் நோய் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு இதை முதல் பாடமா சொல்லியிருக்கிறோம்.

"எலி உயிர் வாழ்றதே இரண்டு மூன்று வருஷம். அதுக்கு இவ்வளவா?"

இந்தக் கேள்விதான் எங்களை யோசிக்க வைத்தது. பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான் என்று மேடையில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். உயர்ந்த செயல்தான். ஆனால் அது ஒரு நாள் வேலை. போர்வையைப் போர்த்தி வள்ளல் போய்விட்டான். மறுநாள் அந்த மயிலுக்கு வயிற்றுவலி என்றால் யார் பார்த்தது?

நம் தொண்டும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கு. அன்னதான உபயத்துக்கு ஆள் வரிசையில் நிற்கிறார்கள், நல்லது. திருவிழாவில் பால்குடம் தூக்க ஆள் இருக்கு, நல்லது. பாத்திரம் கழுவ, சாக்கடை அடைப்பு எடுக்க, மாதா மாதம் வந்து அதையே செய்ய எத்தனை பேர்? ஆஸ்பத்திரியில் சேர்த்தால் முதல் வாரம் ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் குவியும். ஐந்து வருஷமாகப் படுத்திருக்கிற அம்மாவுக்கு யார் வருகிறார்கள்? தீராத நோய் என்றால் சொந்தக்காரர்களுக்கும் சலித்துவிடுகிறது. நம் கோயிலுக்கு வருகிற எத்தனையோ பேர் வீட்டில் அப்படி ஒருவரைத் தனியா பார்த்துக்கொள்கிறார்கள், வெளியே சொல்வதில்லை.

எலியும் அம்மாவும் ஒன்று என்று சொல்லவில்லை, யாரும் அப்படித் திரித்துப் போட வேண்டாம். தினமும் செய்கிற, யாரும் போட்டோ எடுக்காத, முடிவில் குணமும் ஆகாத வேலையைச் செய்யப் பழகுவது பற்றிச் சொல்கிறோம். அதை ஒரு சின்ன உயிரிடம் பழகிய பிள்ளை, நாளைக்குப் பெரியவரிடமும் செய்யும். தேவாரம் வகுப்பில் ஒரு பையன் முதல் வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போது அவன்தான் எங்களிடம் "இன்னிக்குப் புழுக்கை எத்தனை அங்கிள்?" என்று கேட்கிறான். "ஏழை மனுஷனுக்கு என்ன?" என்று கேட்டவருக்கும் இதுதான் எங்கள் பதில். ஒன்றைச் செய்தால் இன்னொன்று குறையாது. உங்கள் தாமானில் அப்படி உதவி தேவைப்படுகிற குடும்பம் இருந்தால் பேர் கொடுங்கள், வருகிறோம்.

"கடைசியில் ஊசி போட்டுக் கொன்றுவிடுவீங்களா?"

இதை மறைத்து எழுதினால் நேர்மை இல்லை. சுண்டல் இப்போது சாப்பிடுகிறது, ஏணியில் ஏறுகிறது, பொரியோடு சண்டை போடுகிறது. அதுவரைக்கும் ஊசிப் பேச்சே இல்லை. ஒரு நாள் குடல் முழுதா நின்றுபோய், சாப்பிடாமல், வலியில் கூனிக்கிடந்து, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொன்னால், நாங்கள் இழுத்துக்கொண்டு போக மாட்டோம். ஐந்து பேரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு. அதிலும் ஒருவருக்கு முழு சம்மதம் இல்லை, "அதது கர்மம், அது தீரட்டும்" என்கிறார். அவர் கருத்தை மதிக்கிறோம். ஆனால் வாந்திகூட எடுக்க முடியாத ஒரு உயிரை வலியில் வைத்துக்கொண்டு கர்மம் என்று நாம் சொல்வது, அதன் கர்மமா, நம்முடைய பயமா? நம் கை சுத்தமா இருக்கணும் என்பதற்காக அது துடிக்கணுமா? பெரியவர்கள் யோசித்துச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

கடைசியா பக்தர்களிடம் எங்கள் வேண்டுகோள்:

1. செல்லப் பிராணியை, நோய் உள்ளதோ இல்லாததோ, கோயில் வாசலில் விடாதீங்க. முடியவில்லை என்றால் நேரில் வந்து சொல்லுங்க. திட்ட மாட்டோம். சேர்ந்து வழி பார்ப்போம்.

2. பிள்ளை கேட்கிறது என்று எலி, ஹாம்ஸ்டர், முயல் வாங்குவதற்கு முன், பக்கத்தில் எந்த டாக்டர் அதைப் பார்ப்பார் என்று போன் போட்டுக் கேளுங்க. எல்லா கிளினிக்கிலும் எலி பார்க்க மாட்டார்கள். நாங்கள் மூன்று இடம் கேட்டு நாலாவதில்தான் கிடைத்தது.

3. உயிருள்ள எதுக்கும் பிரசாதம் ஊட்டுவதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்கிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்க.

4. சுண்டலைப் பார்க்க வருகிறவர்கள் கொழுக்கட்டை வேண்டாம். பழைய துண்டு, பழைய டீ-சர்ட் இருந்தால் கொண்டு வாங்க. வயிறு கசிகிற நாளில் ஒரு நாளைக்கு மூன்று விரிப்பு மாற்றவேண்டி இருக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கோயில் சிரமதானம் இருக்கு. சிரித்தவர்களும் கோபப்பட்டவர்களும் வாங்க, துடைப்பம் நிறைய இருக்கு. வேலை முடிந்து பசியாறும்போது மிச்சத்தைப் பேசிக்கொள்வோம்.